சத்தியம் பண்ணாத தம்பிதுரை

எங்கள் தொழிலில் சத்தியம் என்பது மூட்டை கட்டுகிற சணல் மாதிரி. எந்தச் சரக்கானாலும் அதைச் சுற்றித்தான் அனுப்ப வேண்டும். அதற்கென்று தனி விலை கிடையாது. "வாங்குன விலைக்கே தர்றேனுங்க, புள்ளைங்க மேல சத்தியமா" என்று கடைவீதியில் நான் சொல்லாத நாளில்லை. என் பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்கிறார்கள். கேட்கிறவர்களுக்கும் விஷயம் தெரியும்.

அப்படிப்பட்ட என்னைத்தான், ஒரு மனிதனைச் சத்தியம் பண்ண வைக்கச் சொல்லிச் சோமனூருக்கு வரவழைத்தார் திருமூர்த்தி. அவருடைய விசைத்தறிக் கொட்டகைக்கு நூல் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் நான். "பீர் முகம்மது பாய் பேசுனா படியும்" என்று அந்தப் பக்கத்தில் ஒரு பேர் உண்டு.

சங்கதி இதுதான். கொஞ்ச நாளாகக் குடோனில் நூல் மூட்டை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. குடோன் சாவி இரண்டு பேரிடம். ஒருவர் திருமூர்த்தியின் மச்சினன் மதன்குமார். முதலாளியம்மா ராமாமணியின் தம்பி, மேற்பார்வை பார்க்கிறவர். இன்னொருவர் ஃபிட்டர் தம்பிதுரை. செவ்வாய்க்கிழமை மதன்குமாரே மாமனிடம் வந்து, மூட்டை குறைகிறது, ஃபிட்டர் மேல்தான் சந்தேகம் என்று சொன்னார். அதோடு விடவில்லை. "மாகாளியம்மன் கோயில்ல கற்பூரம் கொளுத்தலாம் மாமா. சத்தியமா நான் ரெடி. அவரு ரெடியான்னு கேளுங்க."

தட்டில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அணைத்தால் பேச்சு முடிந்தது. பொய் என்றால் அம்மன் பார்த்துக்கொள்வாள்.

தம்பிதுரை மாட்டேன் என்றுவிட்டார்.

"அணைக்கலைன்னா அவன்தான்னு ஆகிப்போச்சுங்க பாய்" என்றார் திருமூர்த்தி. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார். "இருவது வருசமா எங்கிட்ட இருக்கறவன். வெள்ளிக்கிழமை வெளக்கு வெக்கறதுக்குள்ள அணைச்சா வேலையும் ஊடும் அவனுது. இல்லைன்னா ஊட்டைக் காலி பண்ணிப்போட்டு போலீஸ்ல பதில் சொல்லட்டும். நான் வேற என்ன செய்யறது, சொல்லுங்க. மச்சினன் சத்தியத்துக்கு நிக்கறான், இவன் நழுவறான்."

அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

தம்பிதுரையை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பதைத் தாண்டினவர். அன்னூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்த பிறகு ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பார், அதையும் எழுதியிருக்கிறபடியே படிப்பார். தறியில் குறுக்கே ஓடுகிற நாடா தன் பாதையை விட்டு விலகினால் துணி கெட்டது அல்லவா, அவருக்கு வேதம் அப்படி. இரண்டு சட்டை உள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு என்று படித்த அன்றே ஒன்றை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து ராத்திரி துவைத்துக் காலையில் உடுத்துகிறார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றிருக்கிறதாம். அதனால் காணிக்கை போடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். சிரிக்கிறவர்களைப் பார்த்து அவரும் சிரிப்பார், கையை மட்டும் எடுக்க மாட்டார்.

நான் போனபோது, முதலாளி கொடுத்திருந்த லைன் வீட்டு வாசலில் பாத்திரங்கள் சாக்கில் கட்டியிருந்தன. அவர் மனைவி ரங்கம்மாள் இன்னொரு சாக்கோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாய், உக்காருங்க" என்றார் தம்பிதுரை, உட்கார எதுவும் மிச்சமில்லாத வீட்டில்.

நான் பேரத்தைத் தொடங்கினேன். "கோயில்தானே கஷ்டம்? உங்க சர்ச்சுல வெச்சுக்கலாம். முதலாளியை நான் சம்மதிக்க வெக்கறேன். உங்க வேதத்து மேல கை வெச்சு ஒரே வார்த்தை."

"அந்த வேதத்துலதானுங்க, சத்தியமே பண்ணாதேன்னு போட்டிருக்குது. அதும்மேலயே கை வெச்சுப் பண்ணச் சொல்றீங்க."

"கை வெக்க வேண்டாம். புஸ்தகம் பக்கத்துல இருந்தாப் போதும்."

"அது எதுக்குங்க பக்கத்துல?"

"சரி, புஸ்தகமே வேண்டாம். நீங்க வாயையே தொறக்க வேண்டாம். நான் சொல்றேன், நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க."

"தலை மேலயும் கூடாதுங்க. அதுல ஒரு முடியைக் கறுப்பாக்கறதுக்குக்கூட நமக்குச் சக்தி கிடையாதுன்னு இருக்குது."

"உங்க முதலாளி மாசாமாசம் கறுப்பாக்கறாரே."

ரங்கம்மாள் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டாள். தம்பிதுரை சிரிக்கவில்லை, யோசித்தார். "அது மேலாக்கத்தானுங்க பாய். வேர்ல வெள்ளையாத்தானே வருது."

நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எழுந்து போகிற மாதிரி நடிப்பார்கள், நாலு அடி வைத்ததும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த மனிதரிடம் முதல் விலையும் கடைசி விலையும் ஒன்றாக இருந்தது.

"இவரு பாஸ்டரே பரவால்லைன்னு சொல்லிப்போட்டாருங்க" என்றாள் ரங்கம்மாள்.

"பாஸ்டர் சொன்னாரு. வேதம் சொல்லலையே, ரங்கு."

"நாளைக்கு ஏசு வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். பாய், நீங்களே சொல்லுங்க. போலீஸ்ல ஒரு கன்னத்துல அடிச்சா இவரு என்ன பண்ணுவாருன்னு நினைக்கறீங்க? இன்னொன்னையும் காட்டுவாரு. அவங்களும் அடிப்பாங்க." சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள். முடிச்சு அவிழ்ந்தது. மறுபடியும் கட்டினாள்.

தம்பிதுரை அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கி முடிச்சைப் போட்டுக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மதன் தம்பியும் பண்றாருங்களா?"

"அவர்தான் மொதல்ல. குழந்தையைத் தூக்கிட்டு வாராராம். குழந்தை மேல ஆணையா அணைக்கறேன்னு சொல்லியிருக்கார்."

அதுவரை வாடாத முகம் அப்போதுதான் வாடியது.

"ரித்திகாவையா? அது மூணு வயசுப் புள்ளைங்க பாய்."

"அவர் புள்ளை, அவர் ஆணை. நமக்கென்ன?"

ஆணியில் ஈரமாகத் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். "நடங்க. நானும் வாரேன்."

படிந்துவிட்டது என்று நினைத்தேன். ரங்கம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். சாக்கை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தாள்.

கோயிலுக்குப் போகும்போதே தறிகள் நின்றுவிட்டன. இரவும் பகலும் தறி ஓடுகிற ஊரில் சத்தம் நின்றால் காதுக்குள் ஏதோ உடைந்துபோன மாதிரி இருக்கும். ஷிஃப்ட் ஆட்கள் மதிலோரம் வரிசையாக நின்றார்கள். திருமூர்த்தி கைகட்டி நின்றார். ராமாமணியம்மா தன் தம்பிக்குப் பக்கத்தில் நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பூசாரி பித்தளைத் தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். மதன்குமார் குழந்தையை இடது கையில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. குழந்தைக்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டியிருந்தது. அது தீயைப் பார்த்துச் சிரித்தது.

"சத்தியமாச் சொல்றேன் மாமா" என்று ஆரம்பித்தார். "எம் புள்ளை மேல ஆணையா, அந்தக் குடோன்ல இருந்து..."

வலது கை தட்டுக்கு மேல் வந்துவிட்டது. அவர் விரல்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரக்கு நல்லதா என்று பார்க்க வாயைக் கேட்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். அது கொஞ்சம் தயங்கியது.

அதற்குள் வேறொரு கை வந்து தட்டில் விழுந்தது.

தம்பிதுரை எப்போது அவ்வளவு பக்கத்தில் போனார் என்று தெரியவில்லை. உள்ளங்கையை விரித்துக் கற்பூரத்தின் மேல் அழுத்திக்கொண்டு நின்றார். தோல் கருகுகிற வாசம் வந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்.

"அணைச்சுப்போட்டாரு" என்றார் யாரோ. வரிசை முழுக்க அந்த வார்த்தை ஓடியது. பூசாரி தாயே என்று கும்பிட்டார். ரங்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். திருமூர்த்தி கட்டியிருந்த கையை அவிழ்த்துப் பெரிதாக மூச்சு விட்டார்.

"முடிஞ்சுதப்பா. ஃபிட்டர் சத்தியம் பண்ணியாச்சு. இனி ஒருத்தரும் பேசக் கூடாது."

இதைவிட மலிவாக ஒரு விவகாரம் முடிந்து நான் பார்த்ததில்லை. வேலை தப்பியது, வீடு தப்பியது, மானமும் தப்பியது. இந்த மனிதர் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான்.

"நான் சத்தியம் பண்ணலீங்க" என்றார் தம்பிதுரை.

பக்கத்தில் போய் அவர் முழங்கையைக் கிள்ளினேன். "பேசாம இருங்க. வந்த லாபத்தைத் தட்டி உடாதீங்க."

"இல்லீங்க பாய். பண்ணாததைப் பண்ணுனேன்னு எல்லாரும் நெனச்சுட்டுப் போனா அது பொய்யுங்களே." முதலாளி பக்கம் திரும்பினார். "நெருப்பைத்தானுங்க அணைச்சேன். வேற ஒண்ணும் பண்ணலீங்க."

ரங்கம்மாளின் அழுகை நின்றது. மதிலோரம் முணுமுணுப்பு கிளம்பியது. திருமூர்த்தியின் முகம் மறுபடியும் இறுகியது.

"சத்தியம் பண்றதுக்கில்லைன்னா எதுக்குய்யா கையை வெச்சே? எங்க சாமிகிட்ட வந்து வெளையாடறியா?"

தம்பிதுரை வெந்த கையைப் பார்த்தார்.

"கேக்கறனில்லே."

"புள்ளை மேல வந்துருமுங்க" என்றார் மெதுவாக.

"என்ன வந்துரும்?"

"அப்பன் பண்ணுறது புள்ளை மேல வருமுங்க. மூணு தலைமுறை, நாலு தலைமுறைக்கும் வரும்னு எழுதியிருக்குது. அது பச்சைப் புள்ளைங்க."

நெஞ்சார நம்புகிற ஒருவர் சொன்னால்தான் அப்படி ஒலிக்கும். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அந்த வேதம் அந்நியம். ஆனால் அந்தப் பயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

திருமூர்த்தி நாற்பது வருடம் வியாபாரம் பண்ணியவர். ஒரு வார்த்தையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்க்கத் தெரிந்தவர். "நெசத்தைச் சொல்றவன் புள்ளை மேல எதுக்கு வருது?" என்று கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. பிறகு சொன்னார்: "பூசாரி, இன்னொரு கட்டி வெச்சுக் கொளுத்துங்க."

தட்டைத் துடைத்து இன்னொரு கற்பூரம் கொளுத்தினார்கள். எல்லோரும் மதன்குமாரைப் பார்த்தார்கள்.

"எதுக்குங்க மாமா, அதுதான் ஒருக்கா அணைஞ்சாச்சே" என்றார் மதன்குமார். "அவரு பண்ணுனதே போதும், நான் அவரை நம்பறேன். ரித்திகாவுக்குத் தூக்கம் வேற வருது."

குழந்தை கண்ணை அகல விழித்துத் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டிக் கற்பூரம் எரிந்து தீர எவ்வளவு நேரமாகும்? அன்றைக்கு அது தீரவே மாட்டேன் என்றது. மதன்குமார் கையை நீட்டவில்லை. அவர் அக்கா கீழே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அது தானாகவே அணைந்தது.

திருமூர்த்தி ஃபிட்டருக்கு நேராக வந்து நின்றார். "தம்பிதுரை, நூலை நீ எடுத்தயா?"

"இல்லீங்க."

அவ்வளவுதான். சத்தியம் பண்ணுவாயா, மாட்டாயா என்று நாலு நாளாக எல்லோரும் கேட்டோம், நான் உட்பட. எடுத்தாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"எடுத்தது யாருன்னு தெரியுமா?"

இந்த மனிதருக்கு ஆமாம், இல்லை என்று இரண்டே பதில்தான் உண்டு.

"தெரியுமுங்க."

"யாரு?"

"அதை இப்பச் சொல்லக் கூடாதுங்க. ஒருத்தர் தப்புப் பண்ணுனா மொதல்ல அவருகிட்டயே தனியாச் சொல்லோணும்னு இருக்குது. திங்கக்கிழமையே சொன்னேனுங்க. கேக்கலை. இனி ரெண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிச் சொல்லோணும். அப்பவும் கேக்கலைன்னாத்தான் எல்லார் முன்னாலயும் சொல்ல முடியுமுங்க. வரிசை அப்படி."

திங்கட்கிழமை சொன்னார். செவ்வாய்க்கிழமை அவர் மேல் புகார் வந்தது. நான் சொல்லாமலே திருமூர்த்தி அந்த இரண்டு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. சாயம் போட்ட தலைக்குக் கீழே முகம் ஒரே கணத்தில் கிழமாகிவிட்டது. ராமாமணியம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு மதிலோரம் திரும்பினார்.

"எல்லாரும் தறிக்குப் போங்க. இங்க ஒண்ணுமில்லை."

ஆட்கள் மனமில்லாமல் கலைந்தார்கள். கொட்டகையில் ஒரு தறி ஓடத் தொடங்கியது, பிறகு இன்னொன்று.

"ரெண்டு பேருதானே வேணும்?" என்றார் திருமூர்த்தி. "நானும் பாயும் வந்தா ஆகுமா? பாய் வேற மார்க்கம்."

தம்பிதுரை அதையும் உண்மையாகவே யோசித்தார். "சாட்சின்னுதானுங்க போட்டிருக்குது. என்ன மார்க்கம்னு போடலை."

"அப்ப நட. எங்க போகோணுமோ போ. நாங்க பின்னால வாரோம்."

தூரம் போக வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தோடு நழுவியிருந்த மதன்குமார் வேப்பமரத்தடியில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பவில்லை. எங்களுக்கு முன்னாலேயே ராமாமணியம்மா அங்கே போயிருந்தார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

தம்பிதுரை ஸ்கூட்டருக்கு முன்னால் போய் நின்றார். கொப்புளம் எழும்பிய கையை நெஞ்சோடு வைத்திருந்தார்.

"மதன் தம்பி" என்றார். "திங்கக்கிழமை சொன்னதுதானுங்க."

மதன்குமார் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மாமா, சத்தியமா..."

"அது வேண்டாம் மாப்பிள்ளை" என்றார் திருமூர்த்தி. "ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லு."