சுற்றுலா விசாவில் ஒரு கொத்தனார்

"ஏர்போர்ட்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க."

"தங்கச்சி பேரு?"

செல்லமுத்து விழித்தார். அவருக்குத் தங்கச்சியே கிடையாது.

நாமக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் வைத்திருந்தான் நந்தகுமார். கொரோனா வந்ததும் வேலை விசா நின்றுபோயிற்று. ஒரு வருடம் பூட்டிக்கிடந்த அலுவலகத்தைத் திறந்தபோது அவனுக்குக் கிடைத்தது சுற்றுலா விசா மட்டும்தான். "போய் இறங்குங்க, அங்க வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று சொல்லி ஏழெட்டுப் பேரை ஏற்றிவிட்டிருந்தான். மாறியதா என்று ஒருவரையும் கேட்டதில்லை. இன்று ஜேடர்பாளையத்துக் கொத்தனார் செல்லமுத்துவின் முறை; ஏர்போர்ட்டில் சொல்லவேண்டிய பொய்யை அவருக்குப் பழக்கிக்கொண்டிருந்தான்.

அப்போது அகல்யா படியேறி வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் அவன் சுற்றுலா விசாவில் துபாய்க்குக் கட்டட வேலைக்கு அனுப்பிய கந்தனின் மனைவி. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள்.

"அண்ணா, அவரு சாரத்துலிருந்து உழுந்துட்டாருங்க. இடுப்பெலும்பு உடைஞ்சுபோச்சாமா. கம்பெனில கேட்டா, அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட வேலை செய்யலைங்கறாங்க."

"பேசிப் பாக்கறேன். நீங்க ஊட்டுக்குப் போங்கம்மா."

அவள் போகவில்லை, சண்டையும் போடவில்லை. இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பும் மனுவை மேசைமேல் வைத்தாள்.

"யாரு மூலமாப் போனாருன்னு கேட்டிருக்குதுங்க. எழுதினா உங்களுக்குத் தொந்தரவு வருமோ என்னமோன்னு எழுதாம கொண்டாந்தனுங்க."

திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பான். நந்தகுமார் மனுவை இழுத்து, அவள் நிரப்பாமல் விட்ட இடத்தைப் பார்த்தான். எழுதினால் போலீஸ் வரும். எழுதாவிட்டால், ஊர் சுற்றிப் பார்க்கப் போனவன் எங்கோ விழுந்தான் என்று கந்தனின் கதை முடிந்துவிடும்.

பேனாவை எடுத்தான். தன் பெயர், முகவரி, சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பியது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு மாதத்தில் தூதரகத்தின் உதவியோடு கந்தன் ஸ்ட்ரெச்சரில் ஊர் வந்து சேர்ந்தான். நந்தகுமார்மேல் வழக்குப் பதிவாயிற்று. அலுவலகத்தைக் காலி செய்துகொண்டிருந்த அன்று, பயணம் நின்றுபோன செல்லமுத்து வந்தார்.

"ஏனுங்க, சேலத்துல ஒரு ஏஜெண்டு அதே விசா இருக்குதுங்கறாரு. போலாங்களா?"

"வேண்டாங்க. வேலைக்குப் போறவங்க கையில வேலை விசாதான் இருக்கோணும். இல்லீனா அங்க நீங்க வேலையாளுமில்ல, விருந்தாளியுமில்ல. உழுந்தா தூக்கறதுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. லேட்டானாலும் நேர்வழியிலயே போங்க. இதை அன்னைக்கே நான் சொல்லியிருக்கோணும்."