இருமல் கேட்கும் வீடு

"எங்களுக்கு முன்னாடி எத்தனை பேருங்க?"

வாசலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக்கு வெளியே கைப்பையோடு ஒரு பெண்மணி. பின்னால் ஆஜானுபாகுவாக அவள் கணவர். சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது!

"எதுக்கு முன்னாடி?"

"மாடி போர்ஷன் பாக்கத்தாங்க. போன்ல விளம்பரம் பாத்தோம். இவ்வளவு பேர் வருவாங்கன்னு நினைக்கல. யாராவது அட்வான்ஸ் குடுத்துட்டாங்களா?"

அந்தப் பெண்மணியையும் குற்றம் சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பேப்பரில் மூழ்கியிருந்தார். அழுகைச் சத்தம் மருந்துக்கும் இல்லை. உள்ளே கூடத்தில் அப்பா படுத்திருந்தார். சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற வேன் வந்துகொண்டிருந்தது.

"அப்பா இறந்துட்டாருங்க. விடியக்காலைல."

"ஐயையோ!" பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் அதற்குள் செருப்பைக் கழற்றியிருந்தார். இரண்டு பேரும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, வாசலில் ஓரமாக நின்றார்கள். அப்பாவைத் தூக்கும்போது ஓர் ஆள் குறைந்தது. அந்தக் கணவர் யாரும் கூப்பிடாமலே வந்து தோள் கொடுத்தார்.

யாரும் அழாததற்குக் காரணம் இருந்தது. அப்பா இரண்டு வருஷமாக இருமிக்கொண்டே இருந்தார். அது கேட்கிறவர்களின் நெஞ்சையும் சேர்த்துப் பிறாண்டுகிற இருமல். விடியற்காலையில் அது நின்றபோது சின்னவளின் மனசில் முதலில் வந்தது, 'அப்பாடா.' பெத்த மகள் நினைக்கிற நினைப்பா என்று அவளுக்கே திக்கென்றது. அம்மா அப்பாவின் நெற்றியைத் தடவி, "போதும், இனிமேலாவது தூங்குங்க" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

தெருவில் அப்பாவுக்குக் 'கண்டிஷன் சார்' என்று பேர். 'வாடகைக்கு' என்று அவர் மாட்டுகிற பலகையில் இடம் போதாது. நாய் கூடாது, சுவரில் ஆணி கூடாது, மாடிப்படியில் ஓடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் கடைசியில் அவருடைய இருமல் தாங்காமல் காலி செய்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் மாடி பூட்டியே கிடந்தது.

போன வாரம் சின்னவள்தான் ஜன்னலெல்லாம் துடைத்து, காலை வெளிச்சத்தில் படம் எடுத்து, புது விளம்பரம் எழுதினாள். 'கூடாது' ஒன்றுகூட இல்லை. எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"என் இருமலப் போட்டியா?" என்றார் அப்பா.

"அதப் போட்டா யாருப்பா வருவாங்க?"

"போடாம வரவழைச்சா, வந்தவன் நம்மளத்தான் திட்டுவான். போடு."

போட்டாள். 'கீழ்வீட்டில் நோயாளி இருக்கிறார். ராத்திரி இருமுவார். மாடிக்குக் கேட்கும்.' ஊருக்கெல்லாம் கண்டிஷன் போட்ட மனுஷன் கடைசியாகத் தன்மேலேயே ஒன்று போட்டுக்கொண்டார்.

அப்பா போன பிறகு அண்ணன் ஒரே பிடியாக நின்றான். "அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். வீட்டப் பூட்டிடலாம்."

"மாடிக்கு நல்லவங்களா யாராவது வந்தா நான் இங்கயே இருந்துக்கறேன்டா" என்றாள் அம்மா. அண்ணன் வீட்டில் இருக்க முடியாது என்று அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அங்கே போய் வந்தபோதெல்லாம் பாதியாக இளைத்துத்தான் வந்திருக்கிறாள்.

"இருமல் வீடுன்னு ஊரெல்லாம் தெரிஞ்சுபோச்சு, இனிமே எவன் வருவான்? நீ பெட்டிய அடுக்கு" என்று அண்ணன் தங்கையைப் பார்த்துச் சொன்னான்.

அடுக்கினாள். வேறென்ன செய்ய? அம்மாவோ பொட்டுத் தூக்கம் இல்லாமல் புரண்டுகொண்டிருந்தாள். "வீடு ஒரேயடியா அமைதியா இருக்குடி" என்றாள்.

கிளம்புகிற அன்று காலை அந்தத் தம்பதி மறுபடி வந்தார்கள்.

"இருமல்னு போட்டிருந்ததப் பாத்துதாங்க அன்னிக்கு வந்தோம்" என்று பெண்மணி ஆரம்பித்தாள். "இவரு நைட் ஷிப்ட் வேன் ஓட்டறாரு. தூக்கம் பகல்லதான். தூங்கினா குறட்டை. குறட்டைன்னா சாதாரணக் குறட்டை இல்ல. இதனாலயே மூணு வீடு மாறிட்டோம். இருமல் கேக்கற வீட்டுல எங்களப் பொறுத்துப்பாங்கன்னு நினைச்சோம். இப்ப பெரியவர் இல்ல. மறைச்சு வந்தா தப்பு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், காது மடல்கூடச் சிவந்திருந்தது.

"அதெல்லாம் சரிப்படாதுங்க, அம்மாவுக்கே தூக்கம் இல்ல" என்றான் அண்ணன்.

"நீ சும்மா இருடா." அம்மா முந்திக்கொண்டாள். "ஏம்பா, ஷிப்ட் முடிஞ்சு நேராவா வர்ற? மேல போய்ப் படு. எவ்வளவு கேக்குதுன்னு பாப்போம்."

"அம்மா!"

"வாடகைக்கு வர்றவங்க வீட்டப் பாக்கறாங்கல்ல? நாம குறட்டையப் பாக்க வேண்டாமா?"

பெண்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவள் சாவியும் பாயும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கூச்சத்தோடு படுத்தார். அவள் படியிறங்கி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது. கூரைக்கு மேலே யாரோ பீரோவை இழுத்து இழுத்து நிறுத்துகிற மாதிரி. அண்ணன் அண்ணாந்து பார்த்து, "அம்மாடியோவ்" என்றான்.

"இரு, படுத்துக் கேட்டாத்தான் தெரியும்" என்று அம்மா தன் கட்டிலில் சாய்ந்தாள்.

காத்திருந்தார்கள். மேலே ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி இழுப்பு.

"என்னம்மா? முடியாதுல்ல?" என்றான் அண்ணன்.

அம்மா வாய் லேசாகத் திறந்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

சின்னவளின் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. பெட்டியைத் திறந்து அம்மாவின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் வைத்து முடித்ததும் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். சத்தம் வராமல் அதைப் பரணில் தள்ளி வைத்தான்.