நடுவர் அவர்களே

கைதட்டல் ஓய்வதற்குள் இராஜதுரை தண்ணீர்ப் போத்தலை எடுத்து மடக்கு மடக்கென்று குடித்து முடித்துவிட்டார். 2010ஆம் ஆண்டு, பாரிசின் லா சப்பலில் தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாப் பட்டிமன்றம். தலைப்பு நிர்வாகி யேசுரட்ணத்தின் கண்டுபிடிப்பு: பழைய கிரேக்க மக்களாட்சியில் பேச்சுக்கலையும் தருக்கமும் செழித்தது சுதந்திரத்தாலா, தேவையாலா? சனத்துக்குப் பாதி விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, இராஜதுரை பேசுகிறாரே, அது போதும். பெர்தொனே தெருவில் போன் கடை வைத்திருக்கிற மனிதர், மேடை ஏறினால் ஆளே வேறு.

அவர் சுதந்திரத்தின் பக்கம். அரசன் ஆண்ட ஊரில் தலையாட்டத் தெரிந்தால் போதும், ஏதென்ஸ் சபையிலோ செருப்புத் தைக்கிறவனும் எழும்பி எதிர்த்துப் பேசலாம், எதிர்த்துப் பேச ஒருவன் இருந்தால்தான் மற்றவனுக்குக் காரணம் தேடவேண்டி வரும் என்று மூன்று காரணமாக அடுக்கி வைத்தார். தேவையின் பக்கம் புதுச்சேரி இசபெல் மதாம். லிசே உயர்பள்ளியில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கதிரையில் இருந்து பேசுகிற மாதிரியே நின்றும் பேசினார்.

"அங்க அவொகான்னு வக்கீலே கிடையாது. உங்க மேல வழக்குன்னா நீங்களேதான் எழுந்து நின்னு பேசணும், அன்னிக்கே தீர்ப்பு. பேசத் தெரியலன்னா நிலம் போகும், ஊரை விட்டே போகணும். அந்தப் பயத்துலதான் கத்துக்கிட்டாங்க. அடுத்தவங்களுக்குப் பேச்சு எழுதிக் குடுக்குறவங்களும் இருந்தாங்க. அதுல கெட்டிக்காரன் யாருன்னா, பேசறவங்க வாய்க்குத் தக்கபடி எழுதினவன்."

இராஜதுரை எழும்பினார். "பயத்திலை பேச்சு வருமெண்டால், நடுவர் அவர்களே, என்ரை மனிசிக்கு முன்னாலை நான் ஏன் வாயடைச்சு நிக்கிறன்?" மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. இசபெல் மதாமும் சிரித்தார். சுதந்திரம் வென்றது.

கடைசி வரிசையில் சிரிக்காமல் இருந்தவள் நிரோஜினி. இராஜதுரையின் மனைவி நாகேஸ்வரிக்குச் சித்தி மகள். வன்னியில் யுத்தம் முடிந்து, முகாமில் கிடந்து, எப்படியோ பாரிசுக்கு வந்து சேர்ந்தவள். அவளுடைய அகதி விண்ணப்பம் முதல் முறை தள்ளுபடியாகியிருந்தது. அடுத்த மாதம் மேன்முறையீட்டு விசாரணை. அதுவும் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

"அவொகா வருவார்தான், எண்டாலும் நீதவான் அவளைத்தானே கேப்பார்" என்றாள் நாகேஸ்வரி. "இவளுக்கு வாயே இல்லை. நீங்கள்தான் பழக்கிவிட வேணும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."

பழக்கினார். பாவம் சொல்லக்கூடாது, மனுசன் மனசாரத்தான் செய்தார். கடை பூட்டியபின் போன் உறைகள் தொங்குகிற சுவரைப் பார்க்க அவளை நிறுத்தி வைத்துச் சொல்லச் சொன்னார். அவள் எங்கிருந்து தொடங்கினாலும் ஒரே இடத்துக்குத்தான் போனாள்.

"அம்மாவுக்கு நடக்கேலாது, அத்தான். பங்கர்க் குழிக்குள்ளை..."

"உது வேண்டாம், நிரோ. தாயை விட்டிட்டு வந்தவள் எண்டு நினைச்சால் உமக்குத்தான் பாதகம். வழக்குக்கும் உதுக்கும் தொடர்பில்லை. மூண்டு காரணம். ஒண்டு, முகாமிலை விசாரிச்சு அடிச்சது. ரெண்டு, அண்ணனைக் கொண்டுபோனது. மூண்டு, திரும்பிப் போனால் என்ன நடக்கும். மூண்டாவதிலை குரலை உயர்த்தும்."

"ஓம் அத்தான்" என்றாள். நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் பாடமாக்கினாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பது வரைக்கும்.

விசாரணை அறையில் பொதுசனமும் இருக்கலாம் என்பதால் இராஜதுரை கடைசி வரிசை வாங்கில் இடம் பிடித்தார். மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் நீதவான், நரைத்த பெண். நிரோஜினி தொடங்கினாள். "முதலாவதாக" என்று அவள் சொன்ன விதம் அச்சாக அவர் குரல். "இரண்டாவதாக" என்று நிறுத்தி இடப்பக்கம் திரும்பினாள். அதுவும் அவர்தான். மண்டபத்தில் கைதட்டல் விழுகிற இடம் அது. இங்கே மொழிபெயர்ப்பாளர்கூட ஒரு கணம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

நீதவான் கையைக் காட்டி நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "முதல் விண்ணப்பத்திலை அம்மாவோடை இருந்ததாச் சொல்லியிருக்கிறியள். இப்ப அம்மாவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. அவ எங்கை?"

நிரோஜினி திரும்பிக் கடைசி வாங்கில் இருந்த அவரைப் பார்த்தாள். சொல்லவா என்று கேட்கிற பார்வை. ஒரு தலையாட்டல் போதும். சபையில் ஆயிரம் பேர் முன்னால் நா புரண்டவருக்குத் தலை அசையவில்லை. என்ன சொன்னால் எது கெடும் என்று அவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் மறுபடி முன்னால் திரும்பினாள். "மூன்றாவதாக" என்று குரலை உயர்த்தினாள். நீதவான் பேனையை வைத்துவிட்டார்.

முடிவு வரச் சில வாரம் ஆகும் என்றார் அவொகா. பாடமாக்கிய கதையாகத்தான் எடுப்பார்கள் என்றும், கையை விரித்து, சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் இலக்க மெத்ரோ ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். பேசறவங்க வாய்க்குத் தக்கபடி என்று இசபெல் மதாம் சொன்னது அவருக்குள் திரும்பத் திரும்ப வந்தது. அன்றைக்கு அந்த மனுசி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். சிரிப்புக் காட்டி வென்றோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படித் தொடங்குவது? அவருக்கு "நடுவர் அவர்களே" தவிர ஒரு தொடக்கமும் தெரியாது.

ஜொரேஸ் நிலையம் வர ரயில் நிலத்துக்கு மேலே ஏறியது. வெளிச்சம் உள்ளே வந்தது. அவள் யன்னலைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல், கேளாமலே சொல்லத் தொடங்கினாள்.

"தண்ணிக் கான் ஒண்டு பங்கருக்குள்ளை அம்மாவுக்குப் பக்கத்திலை வச்சிட்டு வந்தனான், அத்தான். வாறன் எண்டுதான் சொன்னனான். மூடியை இறுக்கேல்லை. அம்மாவுக்குக் கையிலை பலமில்லை, அவ திறக்கவேணுமெல்லே."

எதிர் இருக்கையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி, ஒரு சொல் விளங்காமலே, வாசித்த பேப்பரை மடியில் இறக்கிவிட்டு நிரோஜினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லா சப்பல் வந்தது. கதவு திறந்தது. இரண்டு பேரும் எழும்பவில்லை. அவள் விரல்கள் காற்றில் ஒரு மூடியைப் பிடித்து, அரைச் சுற்றுச் சுற்றி, அந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தன.