இடப்பக்கம் பொத்தான் வைத்த கோட்டு

போடி சந்தைப்பேட்டையில் ராக்கையாவின் பழைய துணிக்கடை இருந்தது. மலைமேல் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போகிற துணிமணியெல்லாம் பட்லர்மார் கைமாறி, கடைசியில் அங்கேதான் வந்து குவியும். சந்தை நாள் தவறாமல் அந்தக் குவியலுக்குள் தலையை விட்டுக் கிளறிக்கொண்டிருப்பவன் ஏலக்காய்க் கடை வைகுண்டராஜ். துணியை விரலிடுக்கில் தேய்ப்பான், மோந்து பார்ப்பான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். "துணி விசயத்துல என்னைய எவனும் ஏமாத்த முடியாது" என்பான்.

ஏமாற்ற வேறொருத்தன் எதற்கு, அவனே போதுமே! போன கிறிஸ்மஸுக்குப் பூப்போட்ட பட்டு ஒன்றை அங்கவஸ்திரமாகப் போட்டுக்கொண்டு வேதக்கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தான். அது துரை பங்களாவின் ஜன்னல் திரை. ஓரம் நெடுக வளையம் மாட்டுகிற ஓட்டை இருந்ததே, கண்ணவிஞ்சா போச்சு என்று சித்தப்பா குருசாமி கேட்டதற்கு, "காத்தோட்டத்துக்குன்னு நெனச்சேன்" என்றான். இன்றைக்கும் அதை நினைத்தால் அவனுக்கே சிரிப்பு வரும், கூடவே காதும் சூடேறும்.

அப்படிப்பட்டவன் பெண் பார்க்கப் போக வேண்டி வந்தது. பெண், தேனி சங்கரலிங்கத்தின் மகள் சொர்ணலதா. மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கிறவள். வேதக்கோயில் அறுப்புப் பண்டிகையில் ஒரு தடவை பார்த்ததிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. முன்னே பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனதில் கவலையில்லை. இவள் வேண்டாமென்றால் தாங்காது. நல்ல கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு போனால் காரியம் முடிந்தது என்று அவன் புத்திக்குப் பட்டது.

பல வாரம் கிளறிய பிறகு கிடைத்தது. சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. இடுப்பில் கொஞ்சம் ஒடுக்கம். பொத்தான் மட்டும் இடப்பக்கம் இருந்தது.

"என்னண்ணே, பொத்தான் மாறிக் கெடக்கு?"

"அந்தத் தொரை எடக்கைக்காரரு தம்பி" என்றார் ராக்கையா, கொஞ்சமும் யோசிக்காமல்.

இடக்கைத் துரை போட்ட கோட்டு ஊரில் எத்தனை பேருக்கு வாய்க்கும்! உள்ளே போடச் சட்டையும் அங்கேயே எடுத்தான். காலரும் முன்பக்கமும் புத்தம் புதுசு. முதுகை எலி தின்றிருந்தது. கோட்டுக்குள்ளே முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்?

சித்திரை வெயிலில், கம்பளிக் கோட்டோடு, சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு தேனிக்கு ரயிலேறினான். இறங்கும்போது வெந்த கொழுக்கட்டை மாதிரி இருந்தான்.

சங்கரலிங்கம் கோட்டைக் கண்டதும் அசந்துபோனார். "அடேயப்பா, என்ன துணி! எங்கன எடுத்தீக?"

"மதராஸ்ல, மாமா. அளவெடுத்துத் தைச்சது." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கழட்டி வச்சிட்டுக் காத்தாட உக்காருங்க தம்பி, வேர்த்து ஊத்துதே" என்றாள் பெண்ணின் அம்மா சுகிர்தம்.

"இருக்கட்டும் அத்தை, எனக்குக் குளிர்ந்த ஒடம்பு."

குளிர்ந்த உடம்பாம்! மூக்கு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக மடியில் விழுந்துகொண்டிருந்தது.

சொர்ணலதா காப்பி கொண்டுவந்தாள். முகத்தைப் பார்ப்பாள் என்று இவன் காத்திருக்க, அவள் பொத்தானைப் பார்த்தாள். இடுப்பைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்து, வெண்கலப் பானை உருண்ட மாதிரி ஒரு சிரிப்பு. என்னவென்று பார்க்கப் போன சுகிர்தமும் சேர்ந்து சிரித்தாள்.

"அங்கன என்னத்தா சிரிப்பு?" என்று அதட்டினார் சங்கரலிங்கம்.

சொர்ணலதா நிலைப்படியில் வந்து நின்றாள். "அது பொம்பளைக கோட்டுப்பா. சீமையில ஆம்பளைகளுக்கு வலப்பக்கம் பொத்தான் வைப்பாக. பொம்பளைகளுக்குத்தான் எடப்பக்கம்."

சித்தப்பாவுக்குக் காப்பி புரையேறியது. வைகுண்டராஜின் நாக்கில் இடக்கைத் துரை தயாராக நின்றார். சொல்லத்தான் வாயெடுத்தான். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. இந்தப் பிள்ளையைப் பொய் சொல்லிக் கட்டினால் ஆயுசுக்கும் கோட்டைக் கழற்ற முடியாது என்று அவனுக்குப் பட்டது.

"போடியில பழைய துணிக்கடையில வாங்குனது மாமா. மதராஸும் இல்ல, அளவும் இல்ல. பொம்பளைக கோட்டுன்னு எனக்கே இப்பத்தான் தெரியும். ஏன் கழட்டலைன்னா..." கோட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றான். சட்டையில் முதுகே இல்லை. "துணி பாக்கத் தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியிற மடையன் நான். ஒங்க மகளைப் பிடிச்சிருக்கு. அது ஒண்ணுதான் நெசம்."

சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். "பொய் சொல்லிக்கிட்டு வந்தவனுக்கு எம் பொண்ணா? கெளம்புங்க!"

வைகுண்டராஜ் கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினான். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்பா" என்றாள் சொர்ணலதா. உள்ளேயிருந்து இஞ்சு டேப்பை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள். "அளவெடுங்க. கல்யாணத்தன்னைக்கும் இப்பிடி முதுகைக் காட்டிக்கிட்டா நிப்பாக? சட்டை நான் தைக்கிறேன்."

சங்கரலிங்கம் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சுகிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே வந்து டேப்பை மார்பில் சுற்றினார். வைகுண்டராஜுக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது. ஆனாலும் அவள் பார்க்கிறாளே! வயிற்றை எக்கி, நெஞ்சைப் புடைத்துக்கொண்டு நின்றான்.

"மூச்சை விடச் சொல்லுங்கப்பா" என்றாள் சொர்ணலதா. "அளவு பொய்யாப் போயிரும்."

விட்டான். தொந்தி முன்னால் வந்து விழுந்தது.