டீசல் கலந்த ஆயில்

ஸ்டியரிங் முன்னால் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்ததால், சேந்தமங்கலத்தில் அலெக்ஸின் ஒர்க்ஷாப் முன்னால் பூவாத்தாள் காரை நிறுத்தினாள். பின்சீட்டில் அவள் கணவர் செங்கோடன் மூச்சு வாங்கச் சாய்ந்திருந்தார். நாமக்கல்லுக்கு டயாலிசிஸ் செய்யப் போகும் வழி. காய்ச்சலால் போன முறை தவறிப்போயிருந்தது.

அலெக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். ஆயில் குறையவில்லை, கூடியிருந்தது. விரலில் தண்ணீராக வழிந்தது. டீசல் வாடை அடித்தது.

"அக்கா, டீசல் ஒழுகி ஆயில்ல கலந்திருக்குதுங்க. இதுல வழவழப்பே இல்ல. ஓட்டுனா இன்ஜின் இறுகிப் புடிச்சுக்கும், வண்டி நின்னுபோயிரும். ஆம்புலன்ஸைக் கூப்பிடறேனுங்க."

"அது வந்து சேர அரை மணி ஆகும் சாமி. பத்து கிலோமீட்டர்தானே, மெதுவாப் போயிக்கிறேன்."

செங்கோடனின் உதடு நீலம் பாரித்திருந்தது. அலெக்ஸ் பானெட்டை மூடி வழிவிட்டான்.

பாதி வழியில் இன்ஜின் கடகடவென்று அடித்து, இறுகி நின்றுவிட்டது. பூவாத்தாள் சாலையில் இறங்கிக் கைகாட்டினாள். நான்கைந்து வண்டிகள் போன பிறகு ஒரு முட்டை வேன் நின்றது. டிரைவரும் அவளுமாகச் செங்கோடனைத் தூக்கி அதில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இல்லை.

தகவல் கேட்டு ஓடிவந்த அலெக்ஸ், "உங்களை நான் உட்டிருக்கக் கூடாதுங்கக்கா" என்று அழுதான். பூவாத்தாளுக்கு அழுகை வரவில்லை. மேட்டூரிலிருந்து மகள் சௌந்தர்யா கிளம்பி வந்துகொண்டிருந்தாள்.

"வண்டி நின்னுபோனதை அவகிட்டச் சொல்லிப்போடாதே சாமி" என்றாள். "அப்பன் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்னு அவதான் அந்தக் காரை வாங்கிக் குடுத்தா."