அவுட் பதினொன்று

இருபத்திரண்டு வருஷம் நான் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட் வாசலில் பெல்மேன். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் கீழே இறங்குகிற ஆட்களை எண்ணி 'இன்' எழுதுவதும், ஏறி வருகிறவர்களை எண்ணி 'அவுட்' எழுதுவதும் என் வேலை. இரண்டும் ஒத்துப்போகாமல் ஒரு ஷிஃப்டுகூட நான் வீட்டுக்குப் போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு என்னை ஒருத்தர் முட்டாள் என்றார்.

விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருடைய விருப்பம் என்று கேட்காதீர்கள். அதன்பின் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டில், தொழிலாளர்களுக்குக் கட்டிக் காலியாகக் கிடந்த இரண்டு லைன் வீடுகளைச் சேர்த்து, பாறைத்தூசியால் நெஞ்சு கெட்டவர்களுக்கு ஒரு இல்லம் நடத்தினோம். நடத்தியது நானும் டெய்சியும்தான். அவள் புருஷன் இந்த நோயில்தான் போனான். என் பழைய ஷிஃப்ட்காரன் காத்தவராயன் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவான். படுத்தால் மூச்சு முட்டிவிடும். வாரம் ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர், அரசாங்க உதவியில் இல்லத்துக்கு வந்தது. அது நின்றால் அவன் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

தொண்ணூற்றொன்பதில் பெங்களூரிலிருந்து பிரதாப் என்ற அதிகாரி வந்தார். மாநிலத்தில் உள்ள இப்படிப்பட்ட இல்லங்கள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு எவ்வளவு உற்பத்தி செய்கின்றன என்று அளக்கிறார்களாம். சிமெண்டு இவ்வளவு, பட்டு இவ்வளவு, இருமுகிறவன் இவ்வளவு. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. டெய்சி எந்தக் கட்டத்தில் வருவாள் என்று கேட்டேன். சம்பளம் உண்டா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் வரமாட்டார் என்றார். நாள் முழுக்கச் சளிச்சட்டி கழுவி, கஞ்சி ஊட்டி, முதுகு நீவிவிடுகிறவள் அந்தத் தாளில் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஃபாரத்தை நிரப்பித் தபாலில் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபாரம் இங்கிலீஷில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள்: இன்புட், அவுட்புட். இதுகூடவா எனக்குத் தெரியாது? அந்த வருஷம் இல்லத்துக்குள் வந்தவர்கள் பத்தொன்பது பேர். வெளியே போனவர்கள் பதினோரு பேர். அப்படியே எழுதினேன். குணமாகி யாரும் போகவில்லை; இந்த நோயில் குணம் கிடையாது. பதினோரு பேரும் பாடையிலும் பெட்டியிலும் போனவர்கள்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. எங்கள் அவுட்புட் பதினொன்று, மாநில சராசரிக்குக் குறைவு. மார்ச்சுக்குள் அதைப் பதினைந்தாக உயர்த்தி, பெயர்ப் பட்டியலோடு அனுப்பினால்தான் உதவி தொடரும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த நாளே பெங்களூருக்கு ரயில் ஏறினேன். அவுட்புட் என்றால் பயன்பெற்று வெளியேறியவர்கள் என்றார் பிரதாப். அவர்கள் செத்துப்போனவர்கள் என்றேன். அட்டவணை அச்சாகிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம். இன்னும் நாலு பேரைச் சேர்த்து எழுதிவிடுங்கள், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் கன்னடத்தில், படிக்காத முட்டாள் என்றார். அந்த மொழி எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார் போல. அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினேன்.

"இன்னும் நாலு பேரு சாவணும்ன்றீங்க. யார் யாருன்னு நீங்களே வந்து சொல்லிட்டுப் போங்க."

அவர் ஃபைலைத் திறந்துகொண்டார்.

ஊர் திரும்பியதும் இல்லத்து வாசலில் நின்று இதையெல்லாம் டெய்சியிடம் கத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் காத்தவராயன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கையைத் தட்டி என்னைக் கூப்பிட்டான். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குகிறவன் அவன்.

"நாலு பேருதான? என் பேர... மொதல்ல போடு."

"ஒரு ஆளு கீழ இருக்கும்போது நான் அவுட் எழுதுனதே இல்லடா."

"சிலிண்டர் வேணும்ல. எழுது."

மற்ற ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். மூன்று கைகள் உயர்ந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இவ்வளவு ஒழுங்காகக் கை தூக்கமாட்டார்கள். எனக்கு அந்த மேசையைப் போய் உடைத்துவிட்டு வரலாமா என்றிருந்தது. டெய்சி பேனாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவுட், பதினைந்து. உயிரோடு இருக்கிற நாலு பேரின் பெயரை வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் போடாத கையெழுத்து அது.

உதவி தொடரும் என்று பதில் வந்தது. அந்த வெள்ளிக்கிழமையும் சிலிண்டர் வந்தது. டெய்சி மாஸ்க்கை மாட்டிவிட்டாள். நான் சாவியைத் திருகினேன். காத்தவராயன் நாலு மூச்சு இழுத்துவிட்டு, மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினான்.

"நான் இப்ப இன்னா... உள்ளயா, வெளியவா?"

"உள்ளதான்டா" என்று கத்தினேன். லைனில் இருந்தவர்களெல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள்.