ஐந்து துளைகளும் பொருந்தின

1

இந்தக் கதை, நான் வெட்டியெறிந்த மூன்று வரிகளிலிருந்து பிறந்தது. இதற்கு முன் எழுதிப் பார்த்த நான்கு தொடக்கங்களிலும் இதைச் சொல்லாமல் நழுவத்தான் பார்த்தேன். ஒன்றில் மழை பெய்தது. இன்னொன்றில் நான் ஒரு மெக்கானிக். மூன்றாவது, 'அந்த வேன் வளைவில் திரும்பியபோது' என்று தொடங்கி, அங்கேயே

அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும். இனி எதையும் வெட்டுவதாக இல்லை.

ஒரு வாரப் பத்திரிகையில் ஆறு வருடம் 'வண்டி வைத்தியர்' என்ற பெயரில் கேள்வி பதில் எழுதினேன்.*

* எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளே தகராறுதான். பதில்களெல்லாம் டயர் பட்டறை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பி சொன்னவை. தமிழ் மட்டும் என்னுடையது. அந்தத் தமிழில்தான் வந்தது வினை.

2

ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தது. கீழே 'ஒரு வாசகி' என்று மட்டும் இருந்தது.

'எங்கள் பழைய கார் ஓடாமல் நிற்கிறது. அதன் சக்கரங்கள் புதிதுபோல் இருக்கின்றன. எங்கள் வேனின் சக்கரங்களோ தேய்ந்துவிட்டன. இரண்டுக்கும் ஐந்து துளைதான். என் கணவர் மாட்டிப் பார்த்தார், பொருந்துகிறது. மாட்டி ஓட்டலாமா?'

மச்சானுக்குப் போன் போட்டேன். பின்னால் யாரோ ஒரு சக்கர ரிம்மைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"துளை பொருந்தினா மாட்ட முடியும் மாமா. மாட்ட முடியுங்கறது வேற, ஓட்டலாங்கறது வேற."

"அப்படின்னா?"

"ரிம்முக்கு உள்பக்கம் எத்தனை கிலோ தாங்கும்னு அடிச்சிருக்கும். வேன்ல முழு லோடு ஏத்தினா பின்னாடி எவ்ளோ எடை இறங்குதோ, அத ரெண்டால வகுக்கணும். ரிம்முல இருக்கற எண் அதுக்குக் கம்மின்னா தொடவே கூடாது. கார் டயரும் அப்படித்தான். சும்மா போகும்போது ஒண்ணும் தெரியாது, லோடு ஏறினாத்தான் வெடிக்கும். இத மறக்காம எழுதுங்க."

மறக்கவில்லை. எழுதினேன். மூன்று வரி வந்தது.

3

பத்திரிகையில் பக்கம் கட்டுபவர் கூப்பிட்டார். என் பகுதிக்குக் கீழே ஒரு விளம்பரம் வந்துவிட்டதாம்.

"சார், மூணு வரி இடிக்குது. நீங்களே பாத்துக் கொறச்சுக் குடுங்க. நான் கை வெச்சா திட்டுவீங்க."

பதில் மொத்தம் பதினான்கு வரி. முதலில் துளைகளை அளப்பது பற்றி. நடுவில் மச்சான் சொன்ன மூன்று வரி. கடைசியில் என் சொந்தச் சரக்கு: 'ஐந்துக்கு ஐந்து துளையும் பொருந்துகிறதா? அப்புறம் என்ன, செருப்பு காலுக்குச் சரியாக இருக்கிறது. மாப்பிள்ளையை நடக்கவிடுங்கள்!'

இதுவும் மூன்று வரிதான்.

நியாயமாக எது போயிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் செருப்பின்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். எண்ணும் வகுத்தலுமாக இருந்த அந்த மூன்று வரி, வாசகரைக் கொட்டாவி விடவைக்கும் என்று நினைத்தேன். அதன்மேல் ஒரு கோடு கிழித்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பக்கம் கட்டுபவர் படித்துவிட்டுச் சிரித்தார். அன்று முழுக்க அந்தச் சிரிப்பில் மிதந்தேன்.

4

எட்டு மாதம் கழித்து அதே கையெழுத்தில் இரண்டாவது கடிதம் வந்தது. இந்த முறை பெயரும் விலாசமும் இருந்தன. இங்கே அவற்றை எழுதமாட்டேன்.

அவர்கள் நடத்துவது சலவை நிலையம். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து வேனில் கொண்டுபோய்ப் போடுவார்கள். கார்ச் சக்கரத்தோடு வேன் நாலு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு நாள் காலை உலர்த்தும் இயந்திரம் படுத்துவிட்டது. விரிப்புகளை மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். துவைத்த துணியை ஈரத்தோடு ஏற்றி, வேறொரு சலவைக்கூடத்தில் உலர்த்திக்கொள்ளலாம் என்று கணவர் கிளம்பினார். மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்தது இந்தப் பெண்தான். ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கனத்தது என்று எழுதியிருந்தார்.

வளைவில் பின்சக்கரம், துளைகளைச் சுற்றி விண்டுபோனது. வேன் கவிழ்ந்தது. கணவர் திரும்பி வரவில்லை.

கடிதத்தில் என்மீது ஒரு குற்றச்சாட்டும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இப்படி முடிந்திருந்தது:

'ஐயா, வேனில் என்ன ஏற்றுவோம் என்று நான் அன்று எழுதவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள் அல்லவா? கேள்வியை நான்தான் அரைகுறையாகக் கேட்டுவிட்டேனா? அதை மட்டும் சொல்லுங்கள்.'

5

கடிதத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மச்சான் படித்தான். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தான்.

"நான் சொன்னத நீங்க போடலியா மாமா?"

"எடம் இல்லடா."

அவன் ஒரு பழைய கார் ரிம்மைத் திருப்பிப் போட்டு, உள்பக்க அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தான். கட்டைவிரல் நகத்தளவில் எண் தெரிந்தது: 560.

"அவங்க கார் ரிம்முலயும் ஏறக்குறைய இவ்ளோதான் இருந்திருக்கும். வேன்ல ஈரத்துணி ஏத்தினா ஒரு பின்சக்கரத்துல எழுநூறு, எழுநூத்தம்பது கிலோ இறங்கும். தொடச்சுப் பாத்திருந்தா அந்த மனுசனுக்கே தெரிஞ்சிருக்கும். எங்க பாக்கணும்னு யாராவது சொல்லியிருக்கணும், அவ்ளோதான்."

"நீ சொன்ன."

"நான் உங்ககிட்ட சொன்னேன். அவங்ககிட்ட நீங்கதான மாமா சொல்லணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

6

அன்றிலிருந்து பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கதைதான் வருகிறது. கதையில் நான் கெட்டிக்காரன். ஒரு பிரதியில் அந்தப் பெண் என் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார். படித்துப் பார்த்தேன், அது அவரல்ல. எனக்கு வசதியாக நான் செய்துகொண்ட பெண்.

[வேறு முடிவுகளும் எழுதினேன். ஒன்றில் சலவை நிலையத்துக்குப் போகிறேன். ஒரு வேட்டியைக் கொடுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுகிறேன். இன்னொன்றில், ஈரத்துணியை எந்தச் சக்கரமும் தாங்காது, இது விதி என்று பதில் போடுகிறேன். அது பொய். அதை எழுதிய தாளைக் கிழிக்கவும் மனமில்லாமல் வைத்திருக்கிறேன், நான் எப்படிப்பட்டவன் என்பது மறந்துபோகாமலிருக்க.]

இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அந்த இரண்டு மாதமும், கணவரின் உயிர் தன் கேள்வியால்தான் போனது என்று நினைத்தபடி ஒரு பெண் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார். வெட்டியது ஒரு தப்பு. இந்த இரண்டு மாத மௌனம் அதைவிடப் பெரிய தப்பு. வெட்கமாக இருக்கிறது.

7

வாசகரே என்று ஊரையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் இதற்கு ஒரே ஒரு வாசகிதான். அம்மா, முதல் பிரதி உங்கள் விலாசத்துக்கு வருகிறது.

நீங்கள் கேள்வியைச் சரியாகத்தான் கேட்டீர்கள். அரைகுறையாக இருந்தது பதில். பதில் முழுதாகத்தான் என் கையில் இருந்தது. அதைக் குறைத்தவன் நான். என்ன ஏற்றுவீர்கள் என்று நீங்கள் எழுதியிருந்தாலும், அந்தச் செருப்புக்காக நான் அதே கோட்டைத்தான் கிழித்திருப்பேன். மூட்டை தூக்கிக் கொடுத்த கையின் மேல் ஒரு பழியும் இல்லை.

கதையின் முடிவு என்னிடம் இல்லை. இந்தத் தாளை என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். காவல் நிலையத்தில் கொடுக்கலாம், அடுப்பில் போடலாம், வந்து என் முகத்தில் விட்டெறியலாம். நான் வீட்டில்தான் இருப்பேன்.

இரண்டாவது பிரதி பத்திரிகைக்கு. பக்கம் கட்டுபவருக்கு ஒரு வார்த்தை: இடம் போதவில்லையென்றால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், என் பெயரைத் தவிர. இந்த முறை என் சொந்தப் பெயரையே போடுங்கள். கீழே உள்ள மூன்று வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ரிம்மின் உள்பக்கத்தைத் துடைத்து, அது எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணைப் பாருங்கள்.
முழுச் சுமையோடு வேனின் பின்பக்கம் இறங்கும் எடையை இரண்டால் வகுத்துப் பாருங்கள்.
ரிம்மின் எண் அதைவிடக் குறைவென்றால், துளைகள் எவ்வளவு பொருந்தினாலும் மாட்டாதீர்கள்.